படித்த பிள்ளைகள் ஊரில் நிற்க: இரண்டாவது வேலை எங்கே?

கேள்வி இது: “எங்கள் ஊர் கோவில்பட்டிக்குப் பக்கம். சுற்றிலும் பொறியியல் கல்லூரி, கலைக் கல்லூரி, பாலிடெக்னிக் என்று எதற்கும் குறைவில்லை. ஆனால் படித்து முடித்த பிள்ளைகள் யாரும் ஊரில் இல்லை. மினி டைடல் பார்க், நான் முதல்வன் திட்டம், தென்காசியில் சோஹோ மென்பொருள் கம்பெனி என்று நிறையக் கேள்விப்படுகிறோம். இவையெல்லாம் உண்மையிலேயே பிள்ளைகளை ஊர்ப்பக்கம் நிறுத்துமா? ஊர்க்காரர்கள் நாங்கள் ஏதாவது செய்ய முடியுமா?”

கொஞ்சம் நிறுத்தும். ஆனால் நாம் எதிர்பார்க்கும் அளவுக்கு நிறுத்தாது. காரணம், இந்தத் திட்டங்களில் பெரும்பாலானவை பிள்ளையின் முதல் வேலையை மனதில் வைத்துப் போடப்பட்டவை. பிள்ளையோ, அதைவிட அதிகமாக அவனைப் பெற்றவர்களோ, இரண்டாவது வேலையைப் பற்றியே யோசிக்கிறார்கள். இந்த ஆபீஸ் மூடிவிட்டால் அடுத்து எங்கே போவது? மேனேஜரோடு ஒத்துவரவில்லை என்றால் இதே ஊரில் வேறு கதவு இருக்கிறதா? சென்னையில் இருக்கிறது, பெங்களூரில் இருக்கிறது, கோவையில் ஓரளவு இருக்கிறது. கோவில்பட்டியில் இல்லை. விஷயத்தின் முடிச்சு இங்கேதான் விழுந்திருக்கிறது.

நெல்லை மாவட்டத்துத் தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் பதினேழு ஆண்டுகள் பிளேஸ்மென்ட் பொறுப்பில் இருந்தேன். அங்கே எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவன் ஒரு மாணவன். அவன் வீட்டில் அவன்தான் முதல் பட்டதாரி. அப்பா பீடிக் கடையில் கணக்கு எழுதுபவர். சென்னையில் ஒரு பெரிய நிறுவனத்தில் வேலை கிடைத்தும், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பாளையங்கோட்டையில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தான். நான்தான் சேரச் சொன்னேன். ‘ஊரிலும் வேலை பார்க்கலாம்’ என்று அடுத்த இரண்டு பேட்ச் பிள்ளைகளிடம் அவனையே உதாரணமாகக் காட்டினேன். மூன்றாவது ஆண்டு அந்த அலுவலகத்துக்கு இருந்த ஒரே வெளிநாட்டு வாடிக்கையாளர் கைவிட்டுப் போக, அதை மூடிவிட்டார்கள். அவன் நான்கு மாதம் நெல்லையிலேயே வேலை தேடினான். அவன் செய்த வேலையைச் செய்கிற இன்னொரு அலுவலகம் ஊரில் இல்லை. கடைசியில் சென்னைக்குப் போனான். அங்கே அவனுடைய பழைய சம்பளத்தைக் கேட்டு, அதற்கு மேல் கொஞ்சம் போட்டுத்தான் எடுத்தார்கள். “முதல்லயே போயிருந்தா மூணு வருஷம் மிச்சம் சார்” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அந்தச் சொல் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு, ‘ஊரிலேயே இரு’ என்று எந்தப் பிள்ளைக்கும் நான் அறிவுரை சொன்னதில்லை. இருக்கத் தகுந்த ஊராக ஆக்காமல் இருக்கச் சொல்வது பாவம்.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம் பக்கத்து ரயில் நிலையங்களில் போய் நின்று பாருங்கள். திருநெல்வேலியிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸ், தூத்துக்குடியிலிருந்து முத்துநகர், செங்கோட்டையிலிருந்து பொதிகை என்று வரிசையாக வண்டிகள், எல்லாவற்றிலும் முப்பது வயதுக்கு உட்பட்ட முகங்கள். 2021–22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் கல்லூரி வயதுப் பிள்ளைகளில் உயர்கல்வி சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. நாட்டின் சராசரி 28.4. இத்தனை பேரைப் படிக்கவைத்தது சாதாரண சாதனை இல்லை. ஆனால் தென்மாவட்டங்களில் அந்தப் படிப்பு ஊருக்குள் இறங்கவில்லை, வண்டியேறிப் போய்விடுகிறது.

கல்லூரி இருந்தால் ஊர் வளரும் என்று நினைக்கிறோம். கல்லூரியால் மட்டும் ஊர் வளர்வதில்லை. வேலூரைப் பாருங்கள். அங்கே இருக்கிற வி.ஐ.டி. பல்கலைக்கழகத்துக்கு நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். மாணவர்களை ஈர்ப்பதில் இந்த மாநிலத்தில் வேலூருக்கு நிகரான ஊர்கள் குறைவு. வாடகை வீடு, மெஸ், ஆட்டோ எல்லாவற்றுக்கும் வருமானம். ஆனால் நான்கு ஆண்டு முடிந்ததும் அந்தப் பிள்ளைகள் வேலூரில் தங்குவதில்லை. ஈர்ப்பது ஒரு வேலை, தக்கவைப்பது வேறு வேலை.

கோவை இரண்டையும் எப்படிச் செய்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் விட்டுப்போனது அதுதான். அங்கே மில்கள் முதலில் வந்தன. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின, மில்லுக்கு மோட்டார் வேண்டும், மோட்டார் பழுது பார்க்க ஆள் வேண்டும், விவசாயிக்குக் கிணற்றில் பம்ப் வேண்டும். பீளமேட்டில் 1926-ல் பி.எஸ்.ஜி. குடும்பத்தார் தொடங்கிய தொழில்நிலையம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே பம்பும் மோட்டாரும் செய்து விற்றது. அங்கே பயின்றவன் கையில் சான்றிதழோடு தொழிலும் இருந்தது. ஜி.டி. நாயுடு 1945-ல் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரிதான் இன்றைய அரசு பொறியியல் கல்லூரி. 1951-ல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, 1956-ல் சி.ஐ.டி. பொறியியல் கல்லூரி, அதே ஆண்டில் மில்களுக்கான ஆராய்ச்சிக்கென்று சிட்ரா. பட்டறைகள் ஏற்கெனவே இருந்த தெருவில் கல்லூரிகள் வந்தன. ஒரு பட்டறையில் சண்டை போட்டுவிட்டு வெளியே வந்தவன் எதிர்ப் பட்டறைக்குப் போனான். அடுத்த ஐந்தாண்டில் தானே ஒரு பட்டறை போட்டான். இரண்டாவது வேலை, மூன்றாவது வேலை, சொந்தத் தொழில் என்று எல்லாம் சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் கிடைத்தன.

தென்மாவட்டங்களில் நடந்தது தலைகீழ். தொழில் வருவதற்கு முன்பே கல்லூரி வந்துவிட்டது. சுயநிதிக் கல்லூரிகள் முளைத்த காலத்தில் அவற்றின் பாடம், ஆய்வகம், வளாகத் தேர்வு எல்லாமே சென்னைக்கும் பெங்களூருக்கும் ஆள் அனுப்புவதற்கென்று அமைந்தன. நானும் அந்த வேலையைத்தான் செய்தேன். எத்தனை பேரை வெளியே அனுப்பினோம் என்பதே கல்லூரி வாசல் பேனரில் போடுகிற கணக்கு. ஊரிலேயே வேலைக்குப் போனவனின் படத்தை எந்தப் பேனரிலும் நான் பார்த்ததில்லை.

இனி, அரசு கட்டிய கட்டடங்கள். எல்காட் என்கிற அரசு நிறுவனம் மூலமாகத் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டன: மதுரையில் இலந்தைக்குளமும் வடபழஞ்சியும், திருச்சியில் நாவல்பட்டு, சேலத்தில் ஜாகீர் அம்மாபாளையம், நம் பக்கத்தில் கங்கைகொண்டான். நோக்கத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவை சிறப்புப் பொருளாதார மண்டலங்களாக அமைந்தன. ஏற்றுமதி செய்கிற பெரிய நிறுவனங்களுக்கே அந்தச் சட்டம் தோதானது. ஊரில் ஏழெட்டுப் பேரை வைத்து உள்ளூர்க் கடைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் மென்பொருள் எழுதுகிற நம் பிள்ளைக்கு அங்கே இடம் பொருந்தவில்லை. இடமும் ஊருக்கு வெளியே. ராத்திரி ஒன்பது மணிக்கு வேலை முடித்து ஒரு பெண்பிள்ளை கங்கைகொண்டானிலிருந்து டவுனுக்கு எப்படி வருவாள் என்று திட்டம் போட்டபோது யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. இலந்தைக்குளத்தில் எச்.சி.எல். மென்பொருள் நிறுவனம் பெரிதாக வந்தது, அது மதுரைக்கு நல்லது செய்தது. மற்ற இடங்கள் நிரம்ப ரொம்பக் காலம் பிடித்தது.

அந்த அனுபவத்திலிருந்து பாடம் கற்றதாகவே நீங்கள் கேட்ட மினி டைடல் பார்க்குகளை, அதாவது டைடல் நியோ என்கிற சிறு பூங்காக்களைப் பார்க்கிறேன். முதலாவது 2024 பிப்ரவரியில் விழுப்புரத்தில் திறந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தஞ்சாவூரும் சேலமும், டிசம்பரில் தூத்துக்குடியும். பரப்பு அறுபதாயிரம் சதுர அடியை ஒட்டியது. உள்ளே போய் உட்கார்ந்தால் வேலையைத் தொடங்கலாம் என்கிற மாதிரி மேசை, மின்சாரம், இணையம் எல்லாம் தயார். சின்ன நிறுவனம் பத்து இருக்கையோடு ஆரம்பிக்கலாம். பத்து சின்ன நிறுவனங்கள் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கினால், கீழ்த்தளத்தில் வேலை போனவனுக்கு மேல்தளத்தில் வேலை கிடைக்க வாய்ப்பு உண்டு. நான் சொன்ன இரண்டாவது வேலை முளைப்பது இப்படித்தான். அதனால் தூத்துக்குடி டைடல் பற்றி ஊரில் பேசும்போது, ‘எத்தனை பேருக்கு வேலை’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘எத்தனை நிறுவனங்கள்’ என்று கேளுங்கள். ஒரே நிறுவனம் முழுக் கட்டடத்தையும் எடுத்துக்கொண்டால் தலைக்கணக்கு அழகாக இருக்கும். ஆனால் அது போகும்போது எல்லாரும் ஒரே நாளில் வெளியே நிற்பார்கள்.

சோஹோ பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தென்காசிக்குப் பக்கம் மத்தளம்பாறையில் 2011-ல் சின்னதாக ஆரம்பித்தார்கள். வெளியூர்க் கிளை என்றால் அழைப்பு மையம், தரவு உள்ளீடு என்று உதிரி வேலைகளைத் தள்ளிவிடுவதுதான் வழக்கம். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. சோஹோ டெஸ்க் என்கிற, வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் மென்பொருளை, முழுத் தயாரிப்பாகவே அங்கே உருவாக்கினார்கள். இது சிறிய விஷயமாகத் தோன்றலாம், ஆனால் எனக்கு இதுதான் பெரிது. தலைமையகத்தில் யோசிப்பார்கள், ஊரில் செய்வார்கள் என்று இருந்தால், சுறுசுறுப்பான பிள்ளை இரண்டாம் ஆண்டே தலைமையகத்துக்கு மாற்றல் கேட்பான். யோசிக்கிற வேலையே ஊரில் நடந்தால் அவன் போக வேண்டிய அவசியமில்லை. நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019-ல் அங்கேயே குடிவந்தது அதற்கு ஓர் அடையாளமாக ஆனது. முதலாளி இருக்கிற ஊரில் இருப்பதை யாரும் பின்தங்கல் என்று நினைப்பதில்லை.

சோஹோ பள்ளி இன்னொரு பாடம். பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமோவோ முடித்த பிள்ளைகளைக் கட்டணம் வாங்காமல், உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். இது 2000-களின் நடுவில் ஒரு கைப்பிடி மாணவர்களோடு தொடங்கியது. எச்.சி.எல்.லும் 2017-லிருந்து டெக்பீ என்ற பெயரில் பிளஸ் டூ முடித்தவர்களை எடுக்கிறது. எல்லாரும் கல்லூரியை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பட்டம் வீட்டுக்குத் தருகிற மரியாதையை நான் கண்ணால் பார்த்தவன். ஆனால் ஊரிலேயே படித்து ஊரிலேயே வேலையில் சேர்ந்த பிள்ளை, பதினெட்டு வயதில் வெளியே போய் நான்கு ஆண்டு ஹாஸ்டலில் இருந்து பழகிய பிள்ளையைவிட ஊரோடு ஒட்டி இருப்பான். அது அனுபவத்தில் கண்டது.

ஒரே ஒரு பயம் எனக்கு உண்டு. தென்காசி வட்டாரம் ஒரே நிறுவனத்தைச் சார்ந்து நிற்கிறது. சோஹோவுக்குள் இரண்டாவது வேலை உண்டு, ஒரு தயாரிப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறலாம். சோஹோவுக்கு வெளியே? அங்கே பழகி வந்தவர்கள் தனித்தனியாகத் தொழில் தொடங்கி, பக்கத்துத் தெருவில் பலகை மாட்டும்போதுதான் அது தென்காசியின் தொழிலாகும். கோவையில் பம்ப் பட்டறைகள் பெருகியதைப்போல.

மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தருகிற நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச் 1-ல் தொடங்கியது. நல்ல திட்டம், ஆங்கிலம் பேசத் தயங்கிய பிள்ளைகளைத் தயக்கமில்லாமல் பேசவைத்திருக்கிறது. ஆனால் இது ஊரில் நிறுத்துகிற திட்டம் என்று எதிர்பார்க்காதீர்கள். திறன் கூடினால் கால் நீளும். ஊரில் அந்தத் திறனை வாங்க ஆளில்லாதபோது, திறன் கொடுப்பது பிள்ளையை இன்னும் சீக்கிரம் வண்டி ஏற்றும். ஏற்றட்டும், தவறில்லை, அவன் வாழ்க்கை முக்கியம்.

ஊரில் தங்கினால் காசு கொடுக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. கனடாவில் பல மாநிலங்கள் இதைச் செய்து பார்த்திருக்கின்றன. இங்கே இருந்து பிள்ளைகள் அங்கே படிக்கப் போவதால் நம் வீடுகளிலும் இது தெரிந்திருக்கலாம். மனிடோபா 2007-ல், பட்டம் பெற்றவர் அந்த மாநிலத்திலேயே வேலை பார்த்து வரி கட்டினால் கல்லூரிக் கட்டணத்தில் 60 விழுக்காட்டை, 25,000 டாலர் வரை, வரியில் கழித்துக்கொள்ளலாம் என்றது. சஸ்காச்சுவான் 2008-ல் 20,000 டாலர் வரை கொடுக்க ஆரம்பித்தது, இன்னும் கொடுக்கிறது. ஆனால் நோவா ஸ்கோஷியா தன் திட்டத்தை 2014-ல் நிறுத்தியது, நியூ பிரன்ஸ்விக் 2015-ல், மனிடோபா 2017-ல் நிறுத்த முடிவெடுத்தது. எப்படியும் தங்கப்போகிறவர்களுக்கே பணம் போகிறது, போகிறவர்களை அது தடுப்பதில்லை என்பதுதான் மூன்று இடத்திலும் எழுந்த விமர்சனம். எனக்கு அது வியப்பாக இல்லை. வேலை இருக்கிற ஊரில் அந்தப் பணம் ஊக்கம். வேலை இல்லாத ஊரில் அது வழிச்செலவுக்குக்கூடப் போதாது.

பணத்தைப் பிள்ளையிடம் தருவதைவிட, வேலை தருபவரிடம் தந்தால்? தமிழ்நாடு 2024–25 வரவு செலவுத் திட்டத்தில் உலகளாவிய திறன் மையங்களுக்கு, அதாவது பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் வேலைக்காக இங்கே நடத்துகிற அலுவலகங்களுக்கு, அப்படி ஒன்றை அறிவித்தது: மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் சம்பளம் தருகிற வேலைகளுக்கு முதல் ஆண்டு 30 விழுக்காடு, அடுத்த ஆண்டு 20, மூன்றாம் ஆண்டு 10 விழுக்காடு சம்பள மானியம். உயர்சம்பள வேலைகளை மாநிலத்துக்குக் கொண்டுவர இது உதவலாம். சென்னைக்கு வெளியே அதன் பலன் எவ்வளவு எட்டும் என்பது, நிறுவனங்கள் எந்த ஊரைத் தேர்ந்தெடுக்கின்றன என்பதைப் பொறுத்தது. கோவையில் இருக்கிற கோவை.கோ என்ற மென்பொருள் நிறுவனம் தன் கையிலிருந்தே செய்தது வேறு வகை: மூன்று ஆண்டு தங்கியவர்களுக்கு ஆண்டுச் சம்பளத்தில் பாதியை ஊக்கத்தொகையாகத் தருவதாகச் சொல்லி, 2025 தொடக்கத்தில் சுமார் 140 பேருக்கு ஏறக்குறைய 14 கோடி ரூபாய் கொடுக்க ஆரம்பித்தது. மூன்று ஆண்டு என்ற கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. ஓர் ஊரில் மூன்று ஆண்டு இருந்தவன் வீடு பார்ப்பான், வண்டி வாங்குவான், அந்த ஊர்க் கடைக்காரர் அவன் பெயரைத் தெரிந்துவைத்திருப்பார். பிறகு அவனைக் கிளப்புவது கடினம்.

இந்தப் பேச்சில் மருத்துவத்தை யாரும் இழுப்பதில்லை, ஆனால் தமிழ்நாட்டில் படித்தவர்களைக் கிராமப்பக்கம் தக்கவைப்பதில் நன்றாக வேலை செய்த ஏற்பாடு அங்கேதான் இருக்கிறது. மாநில ஒதுக்கீட்டு முதுநிலை மருத்துவ இடங்களில் 50 விழுக்காடு அரசுப் பணியில் இருக்கிற மருத்துவர்களுக்கு. எட்டாத கிராமத்திலும் மலைப்பகுதியிலும் பணி செய்திருந்தால் அதற்குக் கூடுதல் மதிப்பெண். அதனால் ஓர் இளம் மருத்துவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது தண்டனைக்குப் போவதாக நினைப்பதில்லை, எம்.டி.க்குப் போகிற வழியாக நினைக்கிறார். மாநிலங்கள் இப்படி ஒதுக்கலாம் என்று 2020 ஆகஸ்ட் 31-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. வழக்கை நடத்தியது தமிழ்நாட்டு அரசு மருத்துவ அலுவலர்களின் சங்கம். வேலூர் சி.எம்.சி. எனப்படும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் இதே மாதிரி ஒரு பழைய ஏற்பாடு உண்டு. திருச்சபைகள் பரிந்துரைத்து அனுப்புகிற மாணவர்கள் படித்து முடித்ததும் இரண்டு ஆண்டு மிஷன் ஆஸ்பத்திரிகளில் வேலை செய்ய வேண்டும். இரண்டிலும் சூட்சுமம் ஒன்றுதான்: ஊரில் இருந்த காலம் வீண்போகாமல் மேலே ஏறுகிற படியாக இருக்கிறது. என் மாணவனுக்குப் பாளையங்கோட்டையில் போன மூன்று ஆண்டுக்கு அப்படி எந்த மதிப்பும் இல்லை.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ‘படித்தவர்கள் யாரும் ஊரில் இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் உள்ளே போய்ப் பாருங்கள், இருக்கிறார்கள். கதவுக்குப் பின்னால் இருக்கிறார்கள். பி.இ., எம்.எஸ்ஸி. முடித்து, வெளியூர் அனுப்ப வீட்டில் சம்மதிக்காமல், ஊரில் வேலை இல்லாமல், ட்யூஷன் எடுத்துக்கொண்டோ போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டோ வரன் வரும் வரை காத்திருக்கிற பெண்கள். என் கல்லூரியில் முதல் வரிசையில் வந்த மாணவிகளில் எத்தனையோ பேர் வேலை உத்தரவைக் கையில் வாங்கிவிட்டு, சேர வேண்டிய நாளில் போகவில்லை. பிறகு அப்பா வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்பார். எனக்கு அவர்மேல் கோபம் வராது, அவள்மேல் இரக்கம்தான் வரும்.

ஆகவே நம் பக்கத்தில் ஒரு நல்ல வேலைத்தலம் வந்தால் முதலில் பயன்பெறுகிறவர்கள் பெண்கள். அதே கங்கைகொண்டானில், சிப்காட் வளாகத்தில், டாடா பவரின் சூரிய மின்தகடு ஆலை வந்திருக்கிறது, 4.3 கிகாவாட் திறன், 2025 பிப்ரவரியில் முறைப்படி திறப்பு விழா. அங்கே வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கம்பெனி வண்டி ஊர் ஊராகப் போய் அழைத்துக்கொண்டு வருகிறது. நிரம்ப மாட்டேன் என்ற மென்பொருள் கட்டடத்தையும் இந்த ஆலையையும் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் விளங்கும். அந்தப் பெண்களில் பட்டம் படித்தவர்கள் இயந்திரம் ஓட்டுவதோடு நின்றுவிடாமல் மேற்பார்வை, தரக்கட்டுப்பாடு, வடிவமைப்பு என்று போக வழி செய்தால்தான் நீடிக்கும். வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதிகள் பல நகரங்களில் வந்திருக்கின்றன; நம்பகமான விடுதி இருக்கிறது என்றால் கோவில்பட்டி அப்பா தன் மகளைத் தூத்துக்குடிக்காவது அனுப்புவார். புதுமைப் பெண் திட்டத்தில் 2022-லிருந்து மாதம் ஆயிரம் ரூபாய் வாங்கிக் கல்லூரிக்கு வந்த அரசுப் பள்ளி மாணவிகள் இப்போது பட்டம் பெற்று வெளியே வந்துகொண்டிருக்கிறார்கள். படிக்க ஆயிரம் ரூபாய் கொடுத்த ஊர், படித்த பிறகு என்ன கொடுக்கப் போகிறது?

கல்யாணம் என்றதும் ஆண்பிள்ளைகள் பக்கமும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இது எந்த அரசாணையிலும் வராது. “ஊர்லயே இருந்துட்டா பொண்ணு யாரு சார் தருவா?” என்று என்னிடம் கேட்காத பையன் இல்லை. மாப்பிள்ளை சென்னையில் என்றால் சம்பளம் கேட்க மாட்டார்கள், கோவில்பட்டியில் என்றால் முதலில் சம்பளத்தைத்தான் கேட்பார்கள். ஊரில் தங்குவது தோற்றுப்போனதற்கு அடையாளம் என்று நாம்தான் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தோம். இதை மாற்றுவது உங்கள் கையில், என் கையில் இருக்கிறது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில் இறுதியாண்டு புராஜெக்ட். பல கல்லூரிகளில் பிள்ளைகள் அதைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நான் வேலை பார்த்த இடத்திலும் அது நடந்தது, நாங்கள் தெரிந்தும் கையெழுத்துப் போட்டோம். அந்த வெட்கம் எனக்கு உண்டு. உங்கள் ஊரைச் சுற்றி என்ன இல்லை? தீப்பெட்டி ஆலைகள், கடலைமிட்டாய்க் கூடங்கள், உப்பளம், கயத்தாறில் காற்றாலை, துறைமுகம். தீப்பெட்டி ஆலையில் ஈரப்பதம் மாறும்போது எவ்வளவு சரக்கு வீணாகிறது, கடலைமிட்டாய் ஏற்றுமதி ஏன் திரும்பி வருகிறது, உப்பளத்தில் கணக்கு ஏன் இன்னும் நோட்டில் இருக்கிறது. இவற்றில் ஒவ்வொன்றும் ஆறு மாத புராஜெக்ட். முதலாளிமார் நான்கைந்து பேரிடம் பேசி, மாதம் ஒரு சின்ன உதவித்தொகையோடு இரண்டு மாணவர்களை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உதவித்தொகை கட்டாயம் வேண்டும். காசு கொடுக்காமல் எடுத்தால் முதலாளிக்கும் அக்கறை இருக்காது, பிள்ளைக்கும் இருக்காது. அப்படி வந்தவர்களில் ஒருவன் அங்கேயே தங்கினால்கூட, அந்த ஆலை முதல் தடவையாக ஒரு பொறியாளரை வேலைக்கு வைத்திருக்கும். அடுத்த ஆலை அதைப் பார்க்கும்.

இரண்டாவது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளையைத் துரத்துவதை விட்டுவிடுங்கள். அவன் போகட்டும். உலகம் பார்க்கட்டும், நாலு இடத்தில் அடிபட்டுக் கற்றுக்கொள்ளட்டும். நீங்கள் தேட வேண்டியது முப்பத்திரண்டு வயதுக்காரனை. பத்து ஆண்டு வேலை தெரியும், கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கழுத்தை நெரிக்கும், ஊரில் அப்பா தனியாக இருப்பார். 2020-ல் கொரோனா வந்தபோது இவர்கள் எல்லாரும் ஊருக்கு வந்து, மாடியில் உட்கார்ந்து வேலை பார்த்தார்களே, நினைவிருக்கிறதா? ஊரிலிருந்து வேலை செய்ய முடியும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. பிறகு அலுவலகம் கூப்பிட்டது, போய்விட்டார்கள். அவர்களில் ஒருவர் தன் நிறுவனத்தின் ஒரு சின்ன அணியைத் தூத்துக்குடி டைடலுக்குக் கொண்டுவந்தால், அது பத்துப் புதுப் பட்டதாரிகளுக்கு முதல் வேலை. இரண்டு பேர் கொண்டுவந்தால் அந்தப் பத்துப் பேருக்கும் இரண்டாவது வேலை.

அவர்களை எங்கே பிடிப்பது என்று கேட்பீர்கள். பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்கு வராத குடும்பம் நம் பக்கத்தில் எத்தனை? அமெரிக்காவில் இருக்கிறவன்கூட அந்த ஆண்டு வர முடியவில்லை என்றால் கோயிலில் பொங்கல் வைக்க அண்ணனுக்குப் பணம் அனுப்பிவிடுவான். ஆடியிலும் சித்திரையிலும் அம்மன் கோயில் கொடை விழாவுக்கு ஊர் வரி வாங்குகிற நோட்டில், வெளியூரில் இருக்கிற ஒவ்வொருவர் பெயரும் போன் எண்ணும் இருக்கிறது. எந்த அரசு அலுவலகத்திலும் இவ்வளவு சரியான பட்டியல் கிடையாது. அடுத்த கொடைக்கு வரி வாங்கும்போதே ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள்: நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள், ஊருக்கு வந்து அதே வேலையைப் பார்க்க என்ன குறைகிறது. கரண்டா, இணையமா, நல்ல பள்ளிக்கூடமா, மனைவிக்கு வேலையா. பதிலை அதே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கொடை முடிந்த மறுநாள், எல்லாரும் வண்டி ஏறுவதற்கு முன்னால், சமுதாயக் கூடத்தில் உட்கார்ந்து அதை வாசியுங்கள். கூட்டத்துக்கு முன்னால் எனக்கு எழுதினால் நானும் வருகிறேன். மாவட்டத் தொழில் மையத்திலும் டைடலிலும் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று கூடவே இருந்து சொல்கிறேன்.